லோட் ஆகுது... லோட் ஆகுது... லோட் ஆகிக்கிட்டே இருக்கு!

உங்க ஆப் ஏன் ஆமை மாதிரி நகருது? அதை முயலாக்குவது எப்படி? ஒரு ராத்திரியில் மானம் போன ஒருத்தரின் வாக்குமூலம்.

உங்க மொபைல்ல ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து பாருங்க. ஒண்ணு, டபக்குனு திறந்திருக்கும். இல்லைன்னா, நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்து எத்தனை தடவை திட்டியிருப்பீங்க? நானும்தான். ஆனா, ஒரு நாள் ராத்திரி அந்த வட்டத்தைச் சுத்த விட்ட புண்ணியவான்களில் நானும் ஒரு ஆள்னு ஆனப்போ... சத்தியமா சொல்றேன், முகத்தை எங்கே வெச்சுக்கறதுன்னு தெரியலை!

மேட்டர் இதுதான். எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். ரூம்ல ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. ரத்த தானம் செய்யத் தயாரா இருக்கிற மாணவர்களின் பெயர், ரத்த வகை, போன் நம்பர், கடைசியா எப்போ கொடுத்தாங்க என்ற விவரம்... எல்லாம் அதில் இருக்கும். ஆணியில் கயிறு கட்டித் தொங்கும். 'இந்தக் காலத்துல நோட்டா?'னு சிரிச்சுட்டு, நாங்க மூணு பேர் மினி ப்ராஜெக்ட்டா ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செஞ்சோம். வைவாவில் கைதட்டல். நோட்டில் இருந்த 1,800 பேரையும் அவங்க சம்மதம் கேட்டு ஆப்பில் ஏத்தினோம். நாலு வாலன்டியர்களுக்கு மட்டும் லாகின். அப்புறம் பந்தா தாங்கலை!

ஒரு ராத்திரி பதினொன்றரை மணி. அரசு ஆஸ்பத்திரியில் இருந்து என்.எஸ்.எஸ். பொது மொபைலுக்கு போன். பி நெகட்டிவ் வேணும், அவசரம். டூட்டியில் இருந்த சீனியர் அண்ணா ஆப்பைத் திறந்தார். வட்டம் சுத்துச்சு. ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... மூணு நிமிஷம். ஸ்க்ரீனைத் தட்டினார். 'ஆப் பதிலளிக்கவில்லை' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. மூடிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும் வட்டம்.

பக்கத்தில் நின்ன வாட்ச்மேன் அண்ணா எதுவும் பேசலை. உள்ளே போய் அந்த நோட்டை ஆணியில் இருந்து கழட்டிக்கிட்டு வந்து கொடுத்தார். பி நெகட்டிவ் பக்கம், இரண்டாவது பெயர். போன் போட்டாச்சு, ஆள் கிளம்பியாச்சு. ரத்தம் போய்ச் சேர்ந்தது... எங்க ஆப்பால அல்ல!

மறுநாள் சீனியர் அண்ணா திட்டலை. "ஆப் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் வந்தா இன்னும் நல்லா இருக்கும்"னு மட்டும் சொன்னார். அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்!

அடுத்த மூணு வாரம் நாங்க கத்துக்கிட்டதைத்தான் இங்கே கொட்டப் போறேன். ப்ராஜெக்ட் செய்றவங்க, ஆப் செய்யணும்னு கை துறுதுறுன்னு இருக்கறவங்க, ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் 'உங்க ப்ராஜெக்ட்ல என்ன ப்ராப்ளம் சால்வ் பண்ணீங்க?' என்ற கேள்விக்கு பேய்முழி முழிக்கிறவங்க... எல்லாரும் கொஞ்சம் பக்கத்துல வாங்க.

முதல்ல அள... அப்புறம் அலசு!

ஆப் ஸ்லோன்னு தெரிஞ்சதும் நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? ஆளுக்கு ஒரு ஜோசியம் சொன்னோம். 'ஜாவாதான் ஸ்லோ, கோட்லினுக்கு மாத்திடலாம்' என்றான் ஒருத்தன். 'சர்வர் மட்டம்' என்றாள் தோழி. 'போனை மாத்தச் சொல்லு' என்றது அடியேன். மூணுமே தப்பு!

டாக்டர் கிட்ட போனா அவர் எடுத்த உடனே ஆபரேஷனா செய்றார்? முதல்ல தெர்மாமீட்டர், அப்புறம் டெஸ்ட், அப்புறம்தானே மருந்து! ஆப்புக்கும் அதேதான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலேயே 'ப்ரொஃபைலர்' என்று ஒரு கருவி இருக்கு. எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுத்துக்குது, மெமரி எவ்வளவு தின்னுது... அத்தனையையும் வரைபடமாகப் போட்டுக் காட்டும். அதுகூட வேணாம்னா, ஒரு வேலை ஆரம்பிக்கும்போது மணியைக் குறிச்சு, முடியும்போது மணியைக் குறிச்சு, கழிச்சு 'லாக்'கில் அச்சடிங்க. மூணு வரி கோட். அவ்வளவுதான்.

நாங்க அளந்தப்போ தெரிஞ்சது: மூணு நிமிஷம் நெட்வொர்க்கில் போகுது. அப்புறம் பதினைந்து, இருபது நொடி டேட்டாபேஸில் எழுதறதுல போகுது. நாங்க சந்தேகப்பட்ட ஜாவா பாவம், ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கு!

இன்னொரு விஷயம். எந்த போன்ல அளக்கறீங்க என்பது ரொம்ப முக்கியம். நாங்க டெஸ்ட் செஞ்சது 8 ஜி.பி. ராம் போன், ஹாஸ்டல் வைஃபை, அதுவும் வெறும் 20 பேர் விவரத்தோடு. என்.எஸ்.எஸ். போன் 2 ஜி.பி. ராம், மழை பெஞ்சா சிக்னல் போகும், 1,800 பேர். கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போறவர் வீட்டில் ரெண்டு பேருக்குச் சமைச்சுப் பார்த்துட்டு 'ஓகே' சொன்ன கதைதான்!

இதில் பெரிய கம்பெனிகளும் விதிவிலக்கு இல்லை. 2013-ல் ஃபேஸ்புக் ஆட்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே புழங்கும் ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி தங்கள் ஆப்பையே போட்டுப் பார்த்தாங்க. ஆப் ஊர்ந்தது, அடிக்கடி கவிழ்ந்தது. ஒரு மாச டேட்டா பேக் 40 நிமிஷத்தில் காலி! அதுக்கப்புறம்தான் படங்களின் சைஸ், ஆப் திறக்கும் நேரம் எல்லாத்தையும் உட்கார்ந்து குறைச்சாங்க. 2015-ல் 'டூ ஜி ட்யூஸ்டே' என்று ஒண்ணையும் ஆரம்பிச்சாங்க. செவ்வாய்க்கிழமைகளில் விருப்பப்பட்ட ஊழியர்கள் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் தங்கள் ஆப்பையே பார்க்க வழி செஞ்சாங்க. அந்த எரிச்சலை அனுபவிச்சாத்தானே அடுத்தவன் எரிச்சல் புரியும்!

நாங்களும் அதைத்தான் செஞ்சோம். என் அப்பாவோட பழைய போனை வாங்கிட்டு வந்துட்டேன். (அப்பா இன்னும் திருப்பிக் கேட்டுக்கிட்டே இருக்கார்!)

உப்புக்கு ஒரு தடவை... புளிக்கு ஒரு தடவை!

அந்த மூணு நிமிஷம் எங்கே போச்சு? சொன்னா சிரிப்பீங்க.

எங்க ஆப் முதலில் சர்வரிடம், 'யார் யார் இருக்காங்க?' என்று கேட்கும். 1,800 ரோல் நம்பர் வரும். அப்புறம் ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் தனித்தனியா, 'இவரோட விவரம் கொடு' என்று கேட்கும். ஒரு தடவை போய்வர 0.1 நொடின்னு வெச்சுக்குங்க. 20 பேருக்கு 2 நொடி. டெஸ்ட்டில் யாருக்கும் உறுத்தலை. 1,800 பேருக்கு? 180 நொடி. அதாவது, மூணு நிமிஷம்!

அம்மா லிஸ்ட் கொடுத்து கடைக்கு அனுப்பினா, ஒரு தடவை போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வருவோமா? இல்லை, உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை, கடுகுக்கு ஒரு தடவை சைக்கிளை மிதிப்போமா? நாங்க 1,801 தடவை மிதிச்சிருக்கோம்! இந்த நோய்க்கு புரோகிராமர்கள் வெச்சிருக்கிற பேர் 'என் ப்ளஸ் ஒன்' பிரச்னை. என் பேருக்கு என் தடவை, லிஸ்ட்டுக்கு ஒரு தடவை. சர்வரில் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும்போதும் இதே நோய் வரும். ஜாக்கிரதை!

மருந்து ரொம்ப சிம்பிள். ஒரே கேள்வி, ஒரே பதில். ஒருத்தர் விவரம் 200 பைட்னு வெச்சா, 1,800 பேருக்கு 360 கே.பி. ஒரு நல்ல போட்டோவைவிட கம்மி! அதையும் சர்வரில் 'ஜிஸிப்' முறையில் சுருக்கி அனுப்பலாம். ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும் லிஸ்ட் என்பதால் நல்லாவே சுருங்கும்.

இங்கே ஒரு கணக்கை மண்டையில் ஏத்திக்குங்க. மெமரியில் இருந்து ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரம் சுமார் 100 நானோ நொடி. நெட்வொர்க்கில் போய்வர ஆகும் நேரம் 100 மில்லி நொடி. இரண்டுக்கும் நடுவே எத்தனை மடங்கு? பத்து லட்சம்! மெமரியில் இருந்து எடுப்பது ஒரு நொடி என்றால், நெட்வொர்க்குக்குப் போய்வருவது பதினொன்றரை நாள் யாத்திரை. அதனால, நெட்வொர்க் பயணத்தைக் குறைக்காமல் கோடில் வேறு எதை நகாசு வேலை பார்த்தாலும் வேஸ்ட்!

வெச்சிருக்கறதை முதல்ல காட்டு!

அடுத்த கேள்வி: ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் சர்வருக்கு எதுக்குப் போகணும்? நேத்து பி நெகட்டிவ்வா இருந்தவர் இன்னிக்கு ஓ பாசிட்டிவ்வா மாறிடப் போறாரா?

அதனால முறையைத் தலைகீழா மாத்தினோம். ஒரு தடவை வாங்கின லிஸ்ட்டை போனிலேயே சேமிச்சு வெச்சோம். ஆப் திறந்ததும் அந்த லிஸ்ட் உடனே கண்ணுக்கு வந்துடும். பின்னணியில் சர்வரிடம், 'நான் கடைசியா நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு வந்தேன். அதுக்கப்புறம் மாறினவங்களை மட்டும் சொல்லு' என்று கேட்கும். பெரும்பாலான நாட்களில் பதில், 'யாரும் மாறலை' அல்லது ஒண்ணு ரெண்டு பேர். சிக்னலே இல்லைன்னாலும் பழைய லிஸ்ட் இருக்குமே! அந்த ராத்திரியில் அது போதுமே!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பழைய தகவலைக் காட்டறோம்னா, அது எப்போ எடுத்ததுன்னு மேலே சின்னதா எழுதிடணும். நேத்து ரத்தம் கொடுத்தவருக்கு இன்னிக்கு போன் போட்டா தப்பாச்சே! ஆண்கள் ஒரு தடவை கொடுத்தா 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடணும். அதனால வேகமா காட்டணும், அதே நேரம் பொய் சொல்லக் கூடாது. வேகத்துக்காக உண்மையை விட்டுட்டா அது ஆப் இல்லை, ஆப்பு!

சாம்பார் வாளி அண்ணாவை சமையலுக்கு அனுப்பாதீங்க!

இப்போ அந்த 'பதிலளிக்கவில்லை' பெட்டி மேட்டருக்கு வருவோம்.

ஒவ்வொரு ஆப்பிலும் 'மெயின் த்ரெட்' என்று ஒரு ஆள் இருக்கார். நம்ம விரல் தட்டுறதைக் கவனிக்கறது, ஸ்க்ரீனை வரையறது... எல்லாம் அவர் வேலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு வரிசையா ஊத்திக்கிட்டே போவாரே, அந்த அண்ணா மாதிரி. அவரைப் பிடிச்சு, 'போய் காய் நறுக்கிட்டு வாங்க'னு கிச்சனுக்கு அனுப்பினா என்ன ஆகும்? மொத்த ஹாஸ்டலும் தட்டைத் தட்டும்!

அவருக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு பார்ப்போமா? சாதாரண ஸ்க்ரீன் நொடிக்கு 60 தடவை புதுசா வரையப்படுது. ஆயிரம் மில்லி நொடியை 60-ஆல் வகுத்தா, ஒரு தடவைக்கு 16.67 மில்லி நொடிதான். இப்போ வர்ற 120 ஹெர்ட்ஸ் போனில் அதுவும் பாதி, 8.3 மில்லி நொடி. அதுக்குள்ள வேலை முடியலைன்னா ஒரு ஃப்ரேம் போச்சு. ஸ்க்ரால் செய்யும்போது 'டக் டக்'னு இடிக்கிறது இதனாலதான். 5 நொடி வரை விரல் தட்டலுக்கு பதிலே வரலைன்னா, ஆண்ட்ராய்டு அந்த அவமானப் பெட்டியைத் தூக்கிக் காட்டிடும்.

மெயின் த்ரெட்டில் நெட்வொர்க் வேலை செஞ்சா, 2011-ல் வந்த 'ஹனிகோம்ப்' வெர்ஷனில் இருந்தே ஆண்ட்ராய்டு பிழை காட்டி ஆப்பை நிறுத்திடும். டேட்டாபேஸ் வேலைக்கும் 'ரூம்' என்ற லைப்ரரி அதே மாதிரி தடை போடும். ஆனா, பாருங்க... எங்க கோடில் 'அலோ மெயின் த்ரெட் க்வெரீஸ்' என்று ஒரு வரி இருந்தது. அதாவது, 'தடையை எடுத்துடு, பரவாயில்லை'. யார் போட்டது? நான்தான்! ஒரு ராத்திரி எர்ரர் வந்துச்சு, எங்கேயோ பார்த்த இந்த வரியைப் போட்டேன், எர்ரர் போச்சு. தூங்கப் போயிட்டேன்.

சிவப்பு விளக்கு எரியுதுன்னா வண்டியை நிறுத்தணும். பல்பைக் கழட்டக் கூடாது. எர்ரர் மெசேஜை வாயை மூட வைக்கிற எந்த வரியைப் போடும்போதும், 'இது எதுக்கு கத்துது?'னு ஒரு நிமிஷம் யோசிங்க பாஸ்.

இதுக்கு மருந்து, காய் நறுக்கற வேலையை வேற ஆளிடம் கொடுக்கறது. கோட்லினில் 'கோரூட்டீன்', ஜாவாவில் 'எக்ஸிக்யூட்டர்', ஃப்ளட்டரில் கனமான கணக்குக்கு 'ஐசோலேட்'. வேலை முடிஞ்சதும் முடிவை மட்டும் மெயின் த்ரெட்டிடம் கொடுக்கணும். (பழைய புத்தகத்தில் 'அஸின்க் டாஸ்க்'னு படிச்சிருப்பீங்க. அதை 2020-ல் ஆண்ட்ராய்டு 11-லேயே கைவிடச் சொல்லிட்டாங்க.)

ஆளுக்கு ஒரு சலான் எதுக்கு?

1,800 பேரை டேட்டாபேஸில் எழுத எதுக்கு இருபது நொடி? நாங்க ஒரு லூப் போட்டு ஒவ்வொருத்தரா எழுதினோம். போனுக்குள்ளே இருக்கிற 'எஸ்க்யூலைட்' டேட்டாபேஸ் ரொம்ப நேர்மையான ஆள். ஒவ்வொரு தடவை எழுதும்போதும், 'பேட்டரி போனாலும் இது அழியக் கூடாது' என்று ஸ்டோரேஜில் உறுதியாகப் பதிஞ்சுட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். நேரம் எல்லாம் அந்த உறுதிப்படுத்தலில்தான் போகுது.

பேங்க்கில் க்ளாஸ் மொத்தத்துக்கும் பரீட்சை ஃபீஸ் கட்டப் போறீங்க. அறுபது பேரும் ஆளுக்கு ஒரு சலான் எழுதி, ஆளுக்கு ஒரு சீல் வாங்கினா மதியம் ஆயிடும். ரெப்ரசென்டேட்டிவ் ஒரே சலானில் கட்டினா ஒரே சீல்! டேட்டாபேஸில் அந்த ஒரே சலானுக்குப் பெயர் 'ட்ரான்ஸாக்‌ஷன்'. மொத்த லிஸ்ட்டையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதினோம். இருபது நொடி வேலை ஒரு நொடிக்குள்ளே முடிஞ்சது. நடுவில் கரன்ட் போனாலும் பாதி லிஸ்ட், மீதி காணோம் என்ற குழப்பம் கிடையாது. எழுதினா முழுசா, இல்லைன்னா எதுவுமே இல்லை.

'இண்டெக்ஸ்' போட்டா வேகமாகும்னு டி.பி.எம்.எஸ். க்ளாஸில் படிச்சோமே, அதையும் போட்டோம். ரத்த வகை, கடைசியா கொடுத்த தேதி இரண்டுக்கும் சேர்த்து. என்ன ஆச்சு? ஒரு வித்தியாசமும் தெரியலை! 1,800 வரி என்பது டேட்டாபேஸுக்கு தூசு. இண்டெக்ஸ் இல்லாமலேயே ஊதித் தள்ளிடும். ஆனா பத்து லட்சம் வரி இருந்தா கதையே வேற. இண்டெக்ஸ் இல்லைன்னா பத்து லட்சத்தையும் புரட்டணும். வரிசைப்படுத்தி வெச்ச பட்டியலில் பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா, 20 வெட்டில் ஆளைப் பிடிச்சிடலாம். புத்தகத்தில் படிச்சது பொய் இல்லை, எங்க நோய்க்கு அது மருந்து இல்லை. அவ்வளவுதான். அளந்து பார்க்காம இருந்திருந்தா, 'இண்டெக்ஸ் போட்டோம், வேகமாச்சு'னு வைவாவில் கதை விட்டிருப்போம்!

ஒரு மூஞ்சிக்கு 48 எம்.பி.!

அன்னிக்கு ராத்திரி ஆப் அந்தக் கட்டத்துக்கே போகலை. போயிருந்தா இன்னொரு கூத்தும் நடந்திருக்கும். லிஸ்ட்டில் ஒவ்வொருத்தர் பெயர் பக்கத்திலும் போட்டோ வெச்சிருந்தோம். கேமராவில் எடுத்ததை அப்படியே!

போட்டோ ஃபைல் 3 எம்.பி.தானேன்னு நினைப்போம். அது சுருக்கி மடிச்சு வெச்ச சைஸ். ஸ்க்ரீனில் காட்டணும்னா பிரிச்சு விரிக்கணும். 12 மெகாபிக்ஸல் போட்டோன்னா 4,000 பெருக்கல் 3,000 புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். மொத்தம் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 48 எம்.பி. அஞ்சு பேர் மூஞ்சி தெரிஞ்சா 240 எம்.பி.! 2 ஜி.பி. போன் எங்கே போகும் பாவம்? ஆண்ட்ராய்டு ஆப்பையே தூக்கிக் கடாசிடும்.

நமக்கு வேணும்கிறது கட்டை விரல் சைஸ் படம். 150 பெருக்கல் 150 புள்ளி போதும். அதுக்கு 90 கே.பி. ஐநூறு மடங்குக்கு மேல் மிச்சம்! சர்வரிலேயே சின்னப் படம் ஒண்ணு செஞ்சு வெச்சுக்குங்க. முடியலைன்னா, படத்தை விரிக்கும்போதே 'இன் சாம்பிள் சைஸ்' கொடுத்து சின்னதா விரிக்கச் சொல்லுங்க. 'க்ளைட்', 'காயில்' மாதிரி லைப்ரரிகள் இந்த வேலையை அதுவாகவே பார்த்துக்கும்.

அதே மாதிரி, 1,800 பேருக்கு 1,800 பெட்டி வரைய வேண்டாம். ஸ்க்ரீனில் ஒரே நேரத்தில் தெரியறது எட்டு, பத்து பெயர். மெஸ்ஸில் ஆயிரம் பேர் சாப்பிட்டாலும் ஆயிரம் தட்டா வாங்கறாங்க? சாப்பிட்டவன் தட்டைக் கழுவி அடுத்தவனுக்கு! 2014-ல் வந்த 'ரீசைக்கிளர்வியூ' செய்யறது அதைத்தான். 'கம்போஸ்'ஸில் 'லேஸி காலம்', ஃப்ளட்டரில் 'லிஸ்ட்வியூ பில்டர்'. உள்ளே செய்யற விதம் கொஞ்சம் வேற, ஆனா கண்ணுக்குத் தெரியறதை மட்டும் வரையறது என்ற சூத்திரம் ஒண்ணுதான்.

இரண்டு தப்பு... ஆறு நிமிஷம்!

'நாம ஸ்டூடன்ட்ஸ், தப்பு செய்றோம். பெரிய கம்பெனியில் இப்படி நடக்குமா?'னு கேட்கறீங்களா? மொபைலை விட்டு கொஞ்சம் கம்ப்யூட்டர் கேம் பக்கம் வாங்க.

'ஜி.டி.ஏ. ஆன்லைன்' ஆடினவங்களுக்குத் தெரியும். திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம். 2013-ல் வந்த கேம். வருஷக்கணக்கா எல்லாரும் புலம்பிக்கிட்டே இருந்தாங்க. 2021-ல் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர், சோர்ஸ் கோட்கூட கையில் இல்லாம, தன் கம்ப்யூட்டரில் ப்ரொஃபைலரைப் போட்டுப் பார்த்தார். ஆறு நிமிஷத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு ப்ராசஸர் கோர் மாங்கு மாங்குனு எதையோ செய்றதில் கழிக்குது. அது என்ன?

கேமுக்குள் வாங்கும் பொருட்களின் லிஸ்ட், 10 எம்.பி. சைஸில் ஒரு டெக்ஸ்ட். அதைப் படிக்கறதில் ரெண்டு தப்பு. ஒண்ணு, ஒவ்வொரு துண்டைப் படிக்கும்போதும் மீதி டெக்ஸ்ட் எவ்வளவு நீளம்னு கடைசி வரை எண்ணிப் பார்த்தது. நாவல் படிக்கும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசிப் பக்கம் வரை புரட்டி எண்ணிட்டு வர்ற மாதிரி! இரண்டு, ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும், 'இது ஏற்கெனவே இருக்கா?'னு அதுவரை சேர்த்த அத்தனை பொருளோடும் ஒப்பிட்டது. 63,000 பொருட்கள். கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 198 கோடி ஒப்பீடு!

நீளத்தை ஒரு தடவை எண்ணி ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். ஒப்பீட்டுக்கு பதில் ஒரு 'ஹேஷ் டேபிள்' போட்டா, இருக்கா இல்லையான்னு ஒரே எட்டில் தெரிஞ்சிடும். அவர் இரண்டையும் சரிசெஞ்சார். ஆறு நிமிஷம், இரண்டு நிமிஷத்துக்கும் கீழே வந்துடுச்சு! கேம் கம்பெனி அதை ஒப்புக்கொண்டு கேமில் சேர்த்து, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது.

டேட்டா ஸ்ட்ரக்சர் க்ளாஸில் 'ஆர்டர் ஆஃப் என் ஸ்கொயர்'னு போர்டில் எழுதும்போது கடைசி பெஞ்சில் தூங்கினோமே... அது இதுதான் மக்களே! எங்க ஆப்பிலும் ஒரே போன் நம்பர் இரண்டு தடவை இருக்கான்னு பார்க்க லூப்புக்குள் லூப். 1,800 பேருக்கு 16 லட்சம் ஒப்பீடு. 'ஹேஷ் செட்' போட்டதும் 1,800 தேடலில் முடிஞ்சது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு எல்லா வரியையும் வேகமாக்கறேன்னு கிளம்பிடாதீங்க. டொனால்ட் நூத் என்ற கம்ப்யூட்டர் மேதை 1974-லேயே ஒரு கட்டுரையில் எச்சரிச்சிருக்கார். பெரும்பாலான இடங்களில் சின்னச் சின்ன வேகத்துக்காக மண்டையை உடைச்சுக்காதே, ஆனா முக்கியமான அந்த மூணு சதவிகித இடத்தைக் கோட்டை விட்டுடாதே என்பது அவர் கருத்து. அந்த மூணு சதவிகிதம் எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? மறுபடியும் முதல் பாயின்ட்... அளந்து பாரு!

ஒரு பக்கம் கிழிச்சு வெச்சுக்குங்க!

* ஜோசியம் வேண்டாம். ப்ரொஃபைலர் சொல்றதை நம்புங்க.
* உங்க காலேஜிலேயே பழைய, மட்டமான போன் யார்கிட்ட இருக்குன்னு தேடுங்க. அதுதான் உங்க டெஸ்ட் போன்.
* 20 பேர் டேட்டாவில் டெஸ்ட் செய்யாதீங்க. பொய்யாவது 2,000 பேரை உருவாக்குங்க.
* நெட்வொர்க் பயணத்தை எண்ணுங்க. ஒண்ணில் முடியறதுக்கு நூறு வேண்டாம்.
* இருக்கிறதைக் காட்டிட்டு, புதுசைத் தேடுங்க. எப்போ எடுத்ததுன்னு எழுதுங்க.
* மெயின் த்ரெட் கையில் சாம்பார் வாளி மட்டும்.
* ஒரு மாற்றம், ஒரு அளவு. நாலை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

சரி, எங்க ஆப் என்ன ஆச்சு? அப்பாவோட போனில் முதல் தடவை லிஸ்ட்டை இறக்க அஞ்சாறு நொடி. அதுக்கப்புறம் திறந்தா இரண்டு நொடிக்குள்ளே. கோட்லினுக்கு மாத்தலை. சர்வரை மாத்தலை. போனையும் மாத்தலை!

போன மாசம் மறுபடி ஒரு ராத்திரி போன். இந்தத் தடவை ஓ நெகட்டிவ். நான் பக்கத்தில்தான் நின்னேன். வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி இல்லை, ஹெலிகாப்டரே ஓடுச்சு. சீனியர் அண்ணா ஆப்பைத் தொட்டார். லிஸ்ட் வந்துடுச்சு. மொத்தமே மூணு பேர். முதல் ஆள் எடுக்கலை, இரண்டாவது ஆள் ஊரில் இல்லை, மூணாவது ஆள் "சட்டையை மாட்டிட்டு வர்றேன்"னு சொல்லிட்டார். பைக் கிளம்பின சத்தம் கேட்டப்போதான் நான் மூச்சே விட்டேன்.

வாட்ச்மேன் அண்ணாவிடம் போய், "பார்த்தீங்களாண்ணா, நோட்டு இல்லாமலே வேலை முடிஞ்சிடுச்சு!"னு பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "நல்லதுப்பா. ஆனா, போன்ல சார்ஜ் இல்லைன்னா?" என்றார்.

நோட்டு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குது பாஸ். மாசம் ஒரு தடவை நாங்களே உட்கார்ந்து அதில் புதுப் பெயர்களை எழுதறோம்!